குறைந்த காசில் ஒரு கேமிங் கணினி: கொழும்பில் பாகங்களைத் தெரிவு செய்வது எப்படி?

கடந்த வருட நடுப்பகுதியில் ஒருநாள் கிளிநொச்சியில் இருந்து அக்கா தொலைபேசி எடுத்தா. "தம்பி, சீட்டைக் கழிச்சு எடுத்திட்டன். இரண்டு இலட்சம் இருக்கு. இவன் கொம்பியூட்டர் வேணும் எண்டு நிக்கிறான். கேம் விளையாடவாம், வீடியோ எடிற் பண்ணவும் உதவுமாம். நீ கூடப் போய் வாங்கிக் குடு" என்றா.

மருமகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வெள்ளவத்தையில் என்னுடன் தங்கியிருந்து படிக்கிறான். 2009 இல் மெனிக் பாம் முகாமில் இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தவன். தகப்பனை அவனுக்கு நினைவில்லை. தையல் மெசினில் இருந்து உழைத்து அக்கா கட்டிய சீட்டுக் காசு அது. பிழையான பொருளை வாங்கிவிட்டு இன்னொருமுறை வாங்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் மூன்று கிழமை விசாரித்து, விலை எழுதி, பழைய அனுபவத்தையும் சேர்த்துத்தான் வாங்கினோம். அப்போது அறிந்தவற்றை, இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே தொகுத்திருக்கிறேன்.

விலைகளைக் குறிப்பிடுவதைப் பெரும்பாலும் தவிர்த்திருக்கிறேன். 2022 பங்குனிக்கு முன்னர் 200 ரூபா அளவில் இருந்த டொலர் அதே வருடம் வைகாசியில் 360 ரூபாவை எட்டியது. 2024 தை மாதத்தில் வற் வரி 18 சதவீதமானது. கணினிப் பாகங்கள் யாவும் இறக்குமதிப் பொருட்கள். இன்று எழுதும் விலை அடுத்த மாதம் பிழைத்துவிடும். எந்தப் பாகத்துக்கு எத்தனை பங்கு காசு ஒதுக்குவது என்ற கணக்கு அவ்வளவு விரைவில் மாறாது.

முதலில் என்ன விளையாடப் போகிறோம்?

கடைக்குப் போய் "நல்ல கேமிங் பிசி ஒன்று" என்று கேட்டால், கையில் உள்ள காசு முழுவதையும் விழுங்கும் ஒன்றைத்தான் காட்டுவார்கள். விளையாடும் கேம்களை முதலில் ஒரு தாளில் எழுத வேண்டும்.

வலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 போன்றவை இலவசமாகக் கிடைப்பவை. பல இலட்சம் பேர் சாதாரண கணினிகளில் விளையாட வேண்டும் என்ற நோக்கில் செய்யப்பட்டவை. இவற்றுக்கு விலை கூடிய கிராபிக்ஸ் கார்ட் தேவையில்லை. ஜிடிஏ 5 உம் பழைய கேம் என்பதால் நடுத்தரக் கணினியில் நன்றாக ஓடும். கடந்த இரண்டு மூன்று வருடங்களில் வந்த பெரிய கதைக் கேம்களை விளையாட வேண்டுமென்றால் கணக்கு வேறு. அவற்றில் பல, 8 ஜிபி நினைவகம் உள்ள கிராபிக்ஸ் கார்டை எதிர்பார்க்கின்றன.

மருமகனின் பட்டியலில் வலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக், ஜிடிஏ ஆகிய மூன்றும், கலியாண வீடு, பிறந்தநாள் வீடியோக்களை எடிற் செய்யும் வேலையும் இருந்தன. இந்த நான்கும்தான் எங்கள் தெரிவைத் தீர்மானித்தன.

காசைப் பிரிக்கும் விதம்

மொனிட்டர் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கேமிங் கணினி ஒன்றுக்கு நான் போட்ட பங்கு இது. நூறு ரூபாவில் கிராபிக்ஸ் கார்டுக்கு 40, ப்ரொசசருக்கு 20, மதர்போர்டுக்கு 13, பவர் சப்ளைக்கு 8, ராமுக்கு 7, எஸ்.எஸ்.டிக்கு 7, கேசிங்குக்கு 5.

அதற்குப் பின்னர், 2025 இன் இறுதி மாதங்களில் இருந்து, செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களுக்கான தேவை காரணமாக உலகெங்கும் ராமின் விலை பெரிதாக ஏறியது. எஸ்.எஸ்.டியும் கூடவே ஏறியது. இப்போது வாங்குபவர்கள் இந்த இரண்டுக்கும் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டு மற்றவற்றில் குறைக்க வேண்டியிருக்கும்.

வழமையாக நடக்கும் பிழை, ப்ரொசசரில் காசைக் கொட்டிவிட்டுக் கிராபிக்ஸ் கார்டில் மிச்சம் பிடிப்பது. 'ஐ7' என்ற பெயருக்கு எம்மவர் மத்தியில் ஒரு மதிப்பு இருக்கிறது. ஆனால் பத்து வருடப் பழைய ஐ7 ஐ விட, 2022 இல் வந்த ஐ3-12100எஃப் கேம்களில் வேகமானது. பெயரை விட, எந்தத் தலைமுறை என்பதே முக்கியம். நான்காம் தலைமுறை ஐ7 இன் இலக்கம் 4 இல் தொடங்கும். பன்னிரண்டாம் தலைமுறையினது 12 இல் தொடங்கும். இதைப் பார்க்கத் தெரிந்தாலே பாதி ஏமாற்றம் தவிரும்.

ப்ரொசசரும் மதர்போர்டும்

இரண்டு தெரிவுகள் எம் முன்னால் இருந்தன. ஒன்று, நான்கு கோர் கொண்ட இன்டெல் ஐ3-12100எஃப். மற்றது, ஆறு கோர் கொண்ட ஏஎம்டி ரைசன் 5 5600. கேம் மட்டும் என்றால் முதலாவதே போதும். வீடியோ வேலையும் இருப்பதால் இரண்டாவதை எடுத்தோம். ரைசன் 5 5600 பொருந்தும் ஏஎம்4 மதர்போர்டுகளும், அவற்றுக்கான டிடிஆர்4 ராமும், அடுத்து வந்த ஏஎம்5, டிடிஆர்5 வரிசையை விட மலிவாகக் கிடைத்தன.

இங்கே மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இன்டெல் ப்ரொசசரின் பெயரில் 'எஃப்' இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் இல்லை. ரைசன் 5 5600 இலும் இல்லை. தனிக் கார்ட் போடும்வரை திரையில் எதுவும் தெரியாது. இரண்டாவது, பி450 போன்ற பழைய மதர்போர்டுகளில் 5000 வரிசை ரைசன் வேலை செய்வதற்குப் பயோஸ் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். வாங்கும் கடையிலேயே அதைச் செய்து, இயக்கிக் காட்டும்படி கேளுங்கள். மூன்றாவது, மதர்போர்டில் ராம் போட நான்கு இடம் இருந்தால் பின்னர் கூட்டுவது இலகு.

முழுக் காசும் ஒரேயடியாகச் சேராதவர்களுக்கு வேறொரு வழி உண்டு. ரைசன் 5 5600ஜி என்பதற்குள் கிராபிக்ஸ் இருக்கிறது. அதை வாங்கித் தனிக் கார்ட் இல்லாமலே தொடங்கலாம். ராமை இரண்டு துண்டுகளாகப் போட்டால் வலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் போன்றவை குறைந்த அமைப்பில் ஓடும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துக் காசு சேர்ந்ததும் கார்டை மட்டும் வாங்கிப் பொருத்தலாம். கடன்பட்டு வாங்குவதை விட இது மேல்.

கிராபிக்ஸ் கார்ட்

1080பி திரையில் விளையாடுபவர்களுக்கு ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600 நல்ல தெரிவு. 8 ஜிபி நினைவகம் கொண்டது. முழு வேகத்தில் 132 வொட் மின்சாரம்தான் எடுக்கும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 இல் 12 ஜிபி இருப்பதால் வீடியோ வேலைக்குக் கூடுதல் வசதி. ஆனால் விலையும் கூட, மின்சாரமும் 170 வொட்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற ஒன்றையும் மலிவு என்று காட்டுவார்கள். அதில் பெரும்பாலும் 4 ஜிபிதான். மதர்போர்டுடன் பேசும் பாதையும் ஒடுங்கியது என்பதால், பழைய மதர்போர்டில் போட்டால் இன்னும் மெதுவாகும். அதே காசுக்குப் பாவித்த நல்ல கார்ட் ஒன்றைத் தேடுவது பரவாயில்லை. ஆனால் பாவித்த கார்ட் என்பது தனிக் கதை.

பாவித்த கார்ட்: நான் ஏமாந்த விதம்

2022 புரட்டாதியில் எத்தீரியம் நாணயம் கிராபிக்ஸ் கார்ட் மூலம் தோண்டப்படுவது நின்றுபோனது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் சந்தைக்கு வந்தன. கொழும்புக்கும் வந்தன. அந்த நேரத்தில், 'ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி, கழுவிப் பூட்டியது' என்ற விளம்பரத்தைப் பார்த்து, கொட்டாஞ்சேனையில் ஒருவரிடம் நான் ஒன்று வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தபோதுதான் அது 2048எஸ்பி என்ற குறைந்த வகை என்று தெரிந்தது. உண்மையான ஆர்எக்ஸ் 580 இல் 2304 செயற்கூறுகள் இருக்கும். இதில் 2048 தான். பயோஸும் மாற்றப்பட்டிருந்தது. இரண்டு மாதத்தில் கார்ட் செத்துப்போனது. பற்றுச்சீட்டு இல்லை. விற்றவரின் தொலைபேசியும் வேலை செய்யவில்லை.

அன்று நான் செய்யாதவற்றைத்தான் இன்று மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

விற்பவரின் கணினியில் கார்டை ஓடவிட்டுப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருள் கார்டின் உண்மையான வகையையும் செயற்கூறுகளின் எண்ணிக்கையையும் காட்டும். அந்த எண்ணிக்கையை அதே இடத்தில் நின்று இணையத்தில் ஒப்பிடுங்கள். ஃபர்மார்க் போன்ற சோதனையைப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். திரையில் புள்ளிகளோ கோடுகளோ வந்தால் விட்டுவிட்டு வாருங்கள். விசிறிகள் எல்லாம் சுற்றுகின்றனவா, ஆணித் தலைகள் தேய்ந்திருக்கின்றனவா, எச்டிஎம்ஐ செருகும் உலோகத் தகட்டில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரை ஓரமாக இருந்த கார்டில் துரு முதலில் அங்கேதான் தெரியும். "கரண்ட் இல்லை, நாளைக்குக் காட்டுறன், இப்ப அட்வான்ஸ் தாங்கோ" என்றால் நாளைக்கே போங்கள்.

பழைய அலுவலகக் கணினிகள்

வெளிநாட்டு அலுவலகங்களில் கழித்த டெல், எச்பி, லெனோவோ கணினிகள் மலிவாக விற்கப்படுகின்றன. படிப்புக்கு அவை நல்லவை. கேமிங்குக்கு எடுக்கும்போது எட்டாம் தலைமுறை இன்டெல்லுக்குக் குறைந்ததை எடுக்க வேண்டாம். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஐப்பசி 14 உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11, பொதுவாக எட்டாம் தலைமுறையில் இருந்துதான் முறைப்படி ஏற்கும். விண்டோஸ் 11 இல் வலோரன்ட் விளையாட டிபிஎம் 2.0, செக்கியுர் பூட் ஆகிய இரண்டும் இயங்க வேண்டும். கணினியை வாங்கிய பிறகு இதை அறிந்து கவலைப்படும் பெடியள் பலர்.

இவ்வகைக் கணினிகளின் பவர் சப்ளை அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருப்பதால் சாதாரண ஒன்றை மாற்றிப் போடுவது கடினம். எனவே தனி மின்கம்பி தேவைப்படாத, 75 வொட்டுக்குள் ஓடும் கார்ட்தான் பொருந்தும். ஜிடிஎக்ஸ் 1650 இன் சில வகைகளும், 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 உம் அப்படிப்பட்டவை. மெல்லிய கேசிங் என்றால் உயரம் குறைந்த கார்ட்தான் உள்ளே போகும். அளவுகோலுடன் போங்கள்.

ராமும் எஸ்.எஸ்.டியும்

16 ஜிபி ராம் போதும். அதை 8 ஜிபி துண்டுகள் இரண்டாக வாங்குங்கள். ஒரே துண்டாகப் போட்டால் ப்ரொசசர் ஒற்றைப் பாதையில்தான் நினைவகத்துடன் பேசும், கேம் மெதுவாகும். விண்டோஸும் கேமும் எஸ்.எஸ்.டியில்தான் இருக்க வேண்டும். 500 ஜிபி என்விஎம்இ ஒன்றில் தொடங்கி, வீடியோக்களைச் சேமிக்கப் பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பாவிக்கலாம். பாவித்த எஸ்.எஸ்.டி வாங்க வேண்டாம். எத்தனை முறை எழுதித் தேய்ந்தது என்று வெளியில் தெரியாது.

பவர் சப்ளை: இங்கே மிச்சம் பிடிக்கக்கூடாது

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமின்றி, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை நான். மின்சாரம் சீராக வரும் என்று எதிர்பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. 2022 பங்குனி முடிவில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததையும் மறக்கவில்லை. இந்தப் பயம் பவர் சப்ளை வாங்கும்போது நன்மையாகவே அமைந்தது.

கேசிங்குடன் சேர்த்துத் தரப்படும் பவர் சப்ளையை கேமிங் கணினிக்குப் போடாதீர்கள். பெட்டியில் 500 வொட் என்று இருக்கும். பக்கத்தில் உள்ள அட்டவணையில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். அங்கே உள்ள அம்பியர் எண்ணை 12 ஆல் பெருக்குங்கள். 38 அம்பியர் என்றால் 456 வொட். நல்ல 500 வொட் பவர் சப்ளையில் இந்தத் தொகை 500 ஐ அண்மித்திருக்கும். 20 அம்பியர் என்றிருந்தால் 240 வொட்தான். அது 500 வொட் என்ற பெயரில் விற்கப்படும் வெறும் பெட்டி. அது பழுதானால் மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டு போகலாம்.

எங்கள் கணக்கு இப்படி. ப்ரொசசர் அதிகபட்சம் 76 வொட், கார்ட் 132, மிகுதிப் பாகங்களுக்கு 50 என்று வைத்தால் 258 வொட். ஆர்எக்ஸ் 6600 க்கு ஏஎம்டி பரிந்துரைப்பது 450 வொட் பவர் சப்ளை. நாங்கள் 550 எடுத்தோம்.

மின்சாரப் பட்டியலையும் யோசிக்க வேண்டும். 250 வொட் எடுக்கும் கணினி நான்கு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். மாதம் 30 யூனிட். எமது மின்கட்டணம் படிநிலையாக ஏறுவது. இந்த 30 யூனிட் உங்களை அடுத்த படிக்குத் தள்ளினால் மேலதிகமாகக் கட்டுவது 30 யூனிட்டின் காசு மட்டுமாக இராது. அனெக்சில் வீட்டுக்காரருடன் மின்பட்டியலைப் பிரித்துக் கட்டுபவர்கள் வாங்குவதற்கு முன்னரே அவருடன் கதைத்துக்கொள்ளுங்கள்.

யூபிஎஸ் வாங்கினால் விஏ என்ற எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். 650 விஏ யூபிஎஸ் பொதுவாக 400 வொட்டுக்கும் குறைவாகத்தான் தாங்கும். வேலையைச் சேமித்து ஒழுங்காக நிறுத்தச் சில நிமிடம் கிடைக்கும், அவ்வளவுதான். பழைய தொடர்மாடிகளில் உள்ள சொக்கற்றில் நிலத்தொடுப்புச் சரியாக இருக்கிறதா என்று மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். கேசிங்கைத் தொடும்போது கை கூசினால் அதைப் பழகிக்கொள்ள வேண்டாம். அது எச்சரிக்கை.

கடற்காற்றும் வாடகை அறையும்

வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு உப்புக் காற்றும், காலி வீதிக்குக் கிட்ட இருப்பவர்களுக்குத் தூசும் பிரச்சினை. கேசிங்கை யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். நிலத்திலும் வைக்காதீர்கள். முன்பக்கம் கண்ணாடியால் மூடிய அழகான கேசிங்கை விட, வலைத்தட்டியும் கழற்றிக் கழுவக்கூடிய தூசுவடியும் உள்ளது எமது வெக்கைக்கு ஏற்றது. வண்ண விளக்குகளுக்குக் கொடுக்கும் காசில் இரண்டு நல்ல விசிறி வாங்கலாம்.

எம்மில் பலர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அறை மாறுபவர்கள். சிறிய மதர்போர்டும் சிறிய கேசிங்கும் அதற்கு வசதி. முச்சக்கரவண்டியில் ஏற்றும்போது கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியே சுற்றி எடுங்கள். குழியில் விழுந்தெழும்பும்போது கார்டின் பாரத்தில் மதர்போர்ட் வெடிக்கலாம்.

மொனிட்டரும் ஹெட்போனும்

பழைய மொனிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் கவனம். இன்றைய கார்டுகளில் எச்டிஎம்ஐயும் டிஸ்பிளேபோர்ட்டும்தான் உண்டு. மாற்றி ஒன்று தேவைப்படும். மொனிட்டரின் கம்பியை மதர்போர்டில் செருகிவிட்டு 'கார்ட் வேலை செய்யவில்லை' என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். கம்பி கார்டில்தான் செருகப்பட வேண்டும்.

ஹெட்போனை ஆடம்பரம் என்று பலர் நினைப்பார்கள். நான் அதை முதற்பட்டியலிலேயே சேர்த்தேன். மருமகன் விளையாடும் இரண்டு கேம்கள் துப்பாக்கிச் சண்டைகள். பெடியளுக்கு அது விளையாட்டு. அக்கா வந்து நின்ற ஒருநாள், ஒலிபெருக்கியில் வந்த சூட்டுச் சத்தத்துக்குக் குசினியில் அப்படியே குந்திவிட்டா. பிறகு, "ஒண்டுமில்லை, கால் வழுக்கிப் போச்சு" என்றா. எங்கள் மாடியில் பக்கத்து வீடுகளிலும் அப்படியானவர்கள் இருக்கிறார்கள். நல்ல ஹெட்போன் ஒன்றை வாங்குங்கள், காசு காணாவிட்டால் வண்ண விசைப்பலகையை விடுங்கள்.

எங்கே, எப்படி வாங்குவது?

வெள்ளவத்தையில் இருந்து 100, 101 இலக்க பஸ்களில் ஏறினால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா கிட்ட. கணினிக் கடைகள் ஒரே கட்டடத்தில் இருப்பதால் மாடி மாடியாக ஏறி விலை ஒப்பிடலாம். கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்குப் புறக்கோட்டை கிட்ட. முதலாம் குறுக்குத்தெருவில் கம்பி, மாற்றி, விசிறி, சொக்கற் போன்ற சில்லறைச் சாமான்கள் மலிவு. பெரிய பாகங்களை உத்தரவாதம் எழுதித் தரும் கடையில் எடுங்கள்.

முதல் நாள் வாங்கவே வாங்காதீர்கள். காசை வீட்டில் வைத்துவிட்டுப் போய், மூன்று கடையிலாவது ஒவ்வொரு பாகத்தின் விலையையும் தனித்தனியே எழுதித் தரும்படி கேளுங்கள். மொத்தமாக மட்டும் விலை சொல்பவர்களிடம் பவர் சப்ளையின் பெயரையும் எஸ்.எஸ்.டியின் பெயரையும் கேளுங்கள். குறைப்பு பெரும்பாலும் அங்கேதான் நடந்திருக்கும். உத்தரவாதம் எத்தனை வருடம், பழுதானால் மாற்றித் தருவார்களா, திருத்தித் தருவார்களா, அதற்கு எத்தனை நாள் என்றும் கேளுங்கள். பற்றுச்சீட்டில் ஒவ்வொரு பாகத்தின் தொடரிலக்கமும் இருக்க வேண்டும். வெப்பத்தில் எழுத்து மறையும் தாள் என்றால் அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். பொலிஸ் பதிவுத் துண்டைப் பல வருடம் பத்திரமாக வைத்திருந்த எமக்கு இது பெரிய காரியமல்ல.

வெளிநாட்டில் உள்ள உறவினர் கொண்டுவந்து தருவதாகச் சொன்னால், ப்ரொசசர், எஸ்.எஸ்.டி, ராம் போன்ற சிறிய பாகங்களைக் கேளுங்கள். பழுதானால் இங்கே உத்தரவாதம் செல்லாது போகலாம் என்பதையும் கணக்கில் எடுங்கள். கனடாவில் இருந்து வரும் பவர் சப்ளையில் 115, 230 என்று மாற்றும் சிவப்பு ஆளி இருந்தால், அதை 230 க்கு மாற்றிய பின்னரே இங்கே செருக வேண்டும். மறந்தால் முதல் நாளே புகை வரும்.

எங்கள் கணக்கு முடிந்த விதம்

ரைசன் 5 5600, பி450 மதர்போர்ட், 16 ஜிபி ராம், 500 ஜிபி எஸ்.எஸ்.டி, 550 வொட் பவர் சப்ளை, வலைத்தட்டிக் கேசிங், உத்தரவாதத்துடன் புதிய ஆர்எக்ஸ் 6600. மொனிட்டர் என்னுடைய பழையது. ஹெட்போனுடன் சேர்த்து இரண்டு இலட்சத்துக்கு மேலே பதினோராயிரம் போனது. அதை நான் போட்டேன். அக்காவுக்குச் சொல்லவில்லை.

மருமகன் அதில் இரவில் விளையாடுகிறான். பகலில் வீடியோ எடிற் செய்கிறான். முதலாவது கலியாண வீடியோவுக்குக் கிடைத்த காசைக் கிளிநொச்சிக்கு அனுப்பினான். அக்கா திருப்பி அழைத்து, "அந்தக் காசை வைச்சிரு, ஏதும் பழுதானா வேணும்" என்றா. அவன் அதைக் கணினிப் பெட்டிக்குள், பற்றுச்சீட்டுடன் சேர்த்து வைத்திருக்கிறான்.